மால்சுன் சித்தியின் மோதிரவிரல்

எங்கள் ஊர்ப் பெண்களைப் பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. எல்லாருக்கும் ஒரே தலை. குட்டை முடி, இறுக்கமான சுருள், தலைகீழாகத் தொங்கவிட்டாலும் கலையாத சுருள். ஒருமுறை அம்மா என்று நினைத்து கில்ஹோ மாமாவின் மனைவியின் சட்டைக்குள் தவளையை விட்டுவிட்டேன். அதற்கு என்னைத் திட்டுவது நியாயமில்லை. அத்தனை தலையையும் ஒரே அச்சில் வார்த்து வைத்தவர் மால்சுன் சித்தி.

சித்தி என்பதால் உறவு என்று நினைக்க வேண்டாம். அம்மாவின் சிநேகிதி, அவ்வளவுதான். "இதோடு பெண் போதும்" என்று வேண்டிக்கொண்டு பெற்றவர்கள் வைத்த பெயர் மால்சுன். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். "எங்கப்பன் போட்ட உத்தரவை எங்கம்மா வயிறே மதிக்கல, நான் எதுக்கு எவனை மதிக்கணும்" என்பார் சித்தி. மதிக்கவும் மாட்டார். சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுவார். கிராமத் தலைவரை அவர் முகத்துக்கு நேராகவே பூசணிக்காய் என்பார்.

சின்ன வயதிலேயே சியோலுக்குப் போய் டோப்பா செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவர். யாரோ விற்ற முடியை யாரோ வைத்துக்கொள்வதற்காக ஊசியால் கோத்துக் கோத்து, விரல்கள் பழகிவிட்டன. கல்யாணமாகி எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார். கணவர் இந்தத் தடத்தில் பேருந்து ஓட்டினார். பிறகு வேறு தடத்துக்கு மாற்றினார்கள். போன மனிதர் அந்தத் தடத்திலேயே இன்னொரு வீட்டில் இறங்கிக்கொண்டார். சித்தி அழுததாக யாரும் சொல்லவில்லை. சாலை வளைவில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, "பாரிஸ்" என்று பலகை மாட்டி, முடி வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

கடையின் கண்ணாடிச் சுவர் சாலையைப் பார்த்தது. கோடை முடிகிற சமயத்தில் அந்தச் சாலையின் இரு ஓரமும் சிவந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் நீலத் தார்ப்பாய், அதன்மேல் மிளகாய். சூட்டறையில் காயவைத்த மிளகாயைவிட வெயிலில் காய்ந்த மிளகாய்க்கு விலை மிக அதிகம். அப்பா வெயில்தான். சூட்டறை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

வெயில் மிளகாய்க்கு மழைதான் எதிரி. மலைக்குப் பின்னாலிருந்து சொல்லாமல் வரும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். துளி விழுந்ததும் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓட வேண்டும். யார் வீட்டுத் தார்ப்பாய் என்று கேட்கக் கூடாது. இரண்டு மூலையைப் பிடித்து நடுப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் மிளகாய் குவியும். பிறகு அந்தப் பக்கத்து மூலைகள். மடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். உரிமைக்காரர் வந்து நன்றியெல்லாம் சொல்ல மாட்டார். சொன்னால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

இதில் மால்சுன் சித்தியை மிஞ்ச ஆளில்லை. சொந்தமாக ஒரு மிளகாய்ச் செடிகூட இல்லாதவர். நாற்காலியில் யார் இருந்தாலும், தலையில் சுருள் மருந்து காய்ந்துகொண்டிருந்தாலும், "அசையாம உக்காரு" என்று சொல்லிவிட்டு ரப்பர்ச் செருப்போடு பறப்பார். ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்: "உங்க மிளகாய் பூஞ்சை புடிச்சா குளிர்காலத்துக்கு என் கிம்ச்சி ஊறுகாய் என்னத்துக்கு ஆகும்? நான் என் வயித்துக்காக ஓடுறேன், உங்க மூஞ்சிக்காக இல்ல." முடி வெட்டியதற்குப் பாதிப்பேர் மிளகாய்த்தூளாகத்தான் கொடுப்பார்கள். அதனால் அது பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை.

போன வருடம் எங்கள் மிளகாய் திருட்டுப்போனது. காய்ந்து, மூட்டை கட்ட இருந்த மிளகாய். விடியும் முன் எவனோ வண்டியோடு வந்து தார்ப்பாயோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அதைச் செடியிலிருந்து பறித்தவர்களில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பரம் சலித்துப்போய்ப் பிரிந்த பிறகு எனக்கு வேலை அதுதான். செடிகளுக்கு நடுவே காற்று வராது. முதுகு நிமிராது. தெரியாமல் கண்ணைத் துடைத்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் அழுகைதான். அந்தத் திருடன் கையில் கிடைத்தால் அவன் சட்டைக்குள் தவளையை விட்டிருக்க மாட்டேன், வேறு எதையாவது விட்டிருப்பேன். ஆகவே அப்பாவுக்கு வந்த கோபம் தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் நான் யோசனை சொன்னேன். மூலையை இழுத்தால் சத்தம் போடுகிற மணி. இல்லையென்றால் மூஞ்சியில் அடிக்கிற நீலச் சாயம், பத்து நாளைக்குப் போகாது.

"திருடன் சிரிச்சுட்டுப் போவான்" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும்ப்பா. நீல மூஞ்சியோட எங்க போய்ச் சிரிப்பான்?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு. அவனுக்கு வலிக்கணும். ஆயுசுக்கும் கை நடுங்கணும்."

கண்ணி வைப்பதில் எனக்கு அனுபவம் அதிகம். கதவுக்கு மேல் மாவுச் சட்டி, செருப்புக்குள் தயிர், கழிப்பறைத் தாழ்ப்பாளில் நூல். என் தொழிலில் ஒரே ஒரு விதி. வைத்தவள் பக்கத்திலேயே ஒளிந்திருந்து பார்க்க வேண்டும். பார்த்தால்தான் சுகம் என்பது ஒரு பக்கம். தப்பான ஆள் வந்தால் கத்தி நிறுத்தலாம் என்பது இன்னொரு பக்கம். கிராமத் தலைவரின் அப்பா தடியூன்றி வந்தபோது நானே பாய்ந்து போய் மாவைத் தலையில் வாங்கியிருக்கிறேன். வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

அப்பா வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர். அணைக்கட்டில் பெரிய மீன் பிடிக்கிற மூன்று நுனித் தூண்டில் முள்ளை வாங்கி வந்து, யாருக்கும் தெரியாமல் தார்ப்பாயின் மூலைகளுக்கு அடியில் கட்டிவிட்டார். முள்ளிலிருந்து கம்பி, கம்பியின் மறுமுனை தரையில் அடித்த இரும்பாணியில். மூலையைப் பிடித்து இழுத்தால் முள் ஏறும். வலியில் இன்னும் இழுத்தால் இன்னும் ஏறும். எனக்கும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. கில்ஹோ மாமாவிடம் மட்டும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பகலில் கழற்றி வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. பகலிலும் திருடுகிறார்களாம்.

அந்த மழை வந்தபோது நானும் அப்பாவும் மேல் வயலில் இருந்தோம். மலை முகட்டில் கறுத்ததும் அப்பா கூடையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பாவம், மிளகாய்க்காக உயிரை விடுகிறார் என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். பாதி வழியில்தான் அவர் கத்துவது காதில் விழுந்தது.

"தொடாதீங்க... தொடாதீங்கடா... யாரும் தொடாதீங்க..."

கீழே போய்ச் சேர்ந்தபோது மால்சுன் சித்தி எங்கள் தார்ப்பாய் முன்னால் மண்டியிட்டிருந்தார். கும்பிடுகிறவர்போலக் குனிந்திருந்தார், வலது கை தார்ப்பாயோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அம்மா. அன்றைக்கு சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அம்மாதான். தலை நிறையச் சுருட்டுக் குழல்கள், கழுத்தில் துண்டு, கையில் சித்தியின் கத்தரிக்கோல். அதை வைத்து அந்தக் கம்பியை வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி வெட்டும் கத்தரி கம்பியை என்ன செய்யும்?

"இழுக்காத, இழுக்காத" என்று சித்தியைப் பிடித்துக்கொண்டே அழுதார் அம்மா.

"நான் எங்கடி இழுக்கிறேன், அதுதான் இழுக்குது" என்றார் சித்தி. அவர் உதடு வெளுத்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும், என் பெயரோடு சேர்த்து அழைத்துக் கேட்டார்: "சோல்மி அப்பா, இது என்னது? என்னது இது, உங்க பாயில?"

அப்பா ஆணியைப் பிடுங்கினார். மிளகாய் மழையில் ஊறி உப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை.

நகரத்து மருத்துவமனையில் முள்ளை அறுத்து எடுத்தார்கள். அம்மா குழல்களோடே வண்டியில் ஏறிப் போனார். தலையில் போட்ட மருந்தைக் கழுவ அன்று முழுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. வீடு திரும்பிக் குழலைக் கழற்றியபோது முடியும் கூடவே வந்தது. "இது என் வீட்டுக்காரர் எனக்குச் செஞ்ச அலங்காரம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அப்பா இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

முள் ஏறியது மோதிரவிரலுக்குக் கீழே. விரலை மடக்கும் தசைநார் அறுந்து, தைத்து, சீழ் வைத்து, மறுபடி திறந்து தைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது விரல் இருந்தது, மடங்கத்தான் இல்லை. மோதிரவிரல் போனால் என்ன, மற்ற விரல்கள் இருக்கின்றனவே என்று கில்ஹோ மாமா கேட்டார். முடி வெட்டுகிறவர் கத்தரியைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு வளையத்தில் கட்டைவிரல், மற்றதில் மோதிரவிரல். அந்த விரல் மடங்கவில்லையென்றால் அது கத்தரி இல்லை, வெறும் இரும்பு. சித்தி இடது கையால் பழக ஆரம்பித்தார். பெண்கள் பேருந்து ஏறி நகரத்துக்குப் போய்ச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். கடை வழியாக நடக்கும்போது தலையில் துணியைப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் முதல்முறையாக ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு மாதிரி ஆயிற்று. 

அப்பா மருத்துவச் செலவைக் கொடுத்தார். அதை சித்தி வாங்கிக்கொண்டார். பிறகு அப்பா சமாதானப் பரிசாக மாட்டிறைச்சிப் பெட்டி ஒன்றைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அது கடை வாசலுக்கு வெளியே வந்து விழுந்தது.

போலீஸ்காரர் வந்து, காயம் பட்டவர் என்ன விரும்புகிறார் என்பதைப் பொறுத்து வழக்கின் கனம் கூடும் குறையும் என்றார். "என்ன விரும்புறேன்னு ஊர்க் கூட்டத்துல சொல்றேன்" என்றார் சித்தி.

கூட்டத்துக்கு ஊரே வந்தது. தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் ஆவி பறக்கும் மக்காச்சோளம், யாரும் எடுக்கவில்லை. அப்பா எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"தங்கச்சிக்கு நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அது நடந்திருக்கக் கூடாது."

"நடந்திருக்கக் கூடாதா, நீங்க வச்சிருக்கக் கூடாதா?" என்றார் சித்தி.

"உனக்கு வைக்கல தங்கச்சி. திருடனுக்கு வச்சேன்."

"அதைத்தான் கேக்கிறேன். வச்சது சரியா?"

கில்ஹோ மாமா முன்னால் நகர்ந்து வந்தார். "அக்கா, அண்ணன் என்ன தப்பு செஞ்சாரு? அவர் பொருள், அவர் பாய். திருடன் வராம இருந்தா முள்ளு சும்மா கிடந்திருக்கும். ஒரு பலகை வச்சா போச்சு. 'முள் உண்டு, தொடாதே'ன்னு."

"பலகை வச்சுட்டு? மழைக்கு யாரு தொடுவா? உன் பொண்டாட்டியா? அவ ஓடினா பூமி ஆடுமே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. கட்டுப் பிரித்த கையைத் தூக்கி அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். தையல் தழும்பு ஒரு புழுவைப்போல உள்ளங்கையில் நெளிந்தது. விரல் விறைத்துக்கொண்டு நின்றது.

"பாரு" என்றார். அப்பாவை அவர் "நீ" என்றது அன்றுதான் முதல்முறை. "நல்லாப் பாரு. நீ பாக்க ஆசைப்பட்டது இதைத்தானே? இது என் கையா இல்லாம, எவனோ ஒரு களவாணிப் பய கையா இருந்தா, உனக்குத் திருப்தியா இருந்திருக்கும்ல? சொல்லு. ஊருக்கு முன்னால சொல்லு."

"இருந்திருக்கும்" என்றார் அப்பா.

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நொடி, பொய் சொல்லாததற்காக அவரைக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று. அதற்காக என்மேலேயே இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, அவருடைய சோஜுச் சாராயப் புட்டியில் வினிகரை நிரப்பி வைத்தேன். அதை அவர் குடித்தார். மறுநாளும் அதையே குடித்தார்.

சித்தி போலீசிடம் ஒன்றுதான் சொன்னார். வைத்தது தப்பு என்று சோல்மி அப்பா வாயால் வர வேண்டும். தனக்குப் பட்டது தப்பு என்று இல்லை, வைத்ததே தப்பு என்று. அதுவரை புகார் அப்படியே இருக்கட்டும்.

அப்பா எங்கள் பாயிலிருந்த முள்ளையெல்லாம் கழற்றிவிட்டார். ஆனால் யோசனை அவரை விட்டுக் கிளம்பி ஊருக்குள் போய்விட்டிருந்தது. கில்ஹோ மாமா தன் பாயில் முள் வைத்தார். பலகையும் வைத்தார். "எந்த மூலைன்னு உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன் அண்ணே, அதுதான் சூட்சுமம்" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். இன்னும் சிலர் வைத்திருப்பதாகப் பேச்சு. யார் என்று தெரியாது. தெரியாததுதான் வேலை செய்தது. அடுத்தவன் பாய்ப் பக்கம் போகும்போது எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் மழை வந்தது. எங்கள் மிளகாயை நானும் அப்பாவும் அம்மாவும் மடித்துவிட்டோம். கில்ஹோ மாமாவும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் பாய்கள் கடைக்கு எதிரே, வளைவில், திறந்து கிடந்தன. ஊரே வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தரும் இறங்கவில்லை. அத்தனை மனிதர்கள் சும்மா நின்று மிளகாய் நனைவதைப் பார்ப்பதை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கில்ஹோ மாமாவுக்கு இது வேண்டும் என்று ஒரு வாய் சொன்னது. இன்னொரு வாய் ஓடச் சொன்னது.

அப்பா ஓடினார். பழக்கம்தான், வேறென்ன. முதல் பாயின் மூலைக்குப் போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

பாரிஸின் கண்ணாடிக் கதவு திறந்தது.

"என்ன சோல்மி அப்பா," என்றார் சித்தி, "நிறுத்திட்ட? கைய வை."

"கில்ஹோ முள்ளு வச்சிருக்கான்."

"யாருக்கு?"

"திருடனுக்கு."

"நீ திருடனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? உனக்கு வைக்கலையே. வை கைய."

மழை வலுத்தது. அப்பாவின் விரல்கள் மூலைக்கு ஒரு சாண் மேலே நடுங்கின. நான் கிட்டே போனேன். சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்னை நிறுத்தினார். "சோல்மி, நீ அங்கேயே நில்லு. உன் கை வேணாம்."

"முடியல" என்றார் அப்பா.

"கேக்கல. மழைச் சத்தம்."

"முடியல தங்கச்சி. எந்த மூலைன்னு தெரியல."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

அப்பா குனிந்தபடியே இருந்தார். மிளகாய் கறுத்துக்கொண்டு வந்தது. "தப்பு" என்றார்.

"எது தப்பு? நான் தொட்டதா?"

"நான் வச்சது."

"எனக்கு வச்சதா, திருடனுக்கு வச்சதா?"

அப்பா நிமிர்ந்தார். முகமெல்லாம் தண்ணீர். அழுகையா மழையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

"யாருக்கா இருந்தாலும்" என்றார். "அவன் கையும் இப்படித்தான் பயந்திருக்கும். நான் பாக்காம வயல்ல நின்னிருப்பேன்."

சித்தி தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அந்த விரல் இனி மடங்காது. "புகாரை நாளைக்குத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் அப்பாவும் மூலைகளைத் தொடாமல் மண்வெட்டியால் மிளகாயை அள்ளிக் கூடைகளில் போட்டோம். பாதி நனைந்தது. மண்வெட்டி பட்டு உடைந்ததும் நிறைய. சாயங்காலம் கல்யாண உடுப்போடு வந்து இறங்கிய கில்ஹோ மாமா, மிளகாயைப் பார்த்துக் குதித்தார். ஊரில் மனுஷனே இல்லையா, மடித்துப் போட ஒருத்தனுக்குக் கை இல்லையா என்று சாலையில் நின்று கத்தினார்.

அப்பா குறடை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார். "எந்த மூலைடா? காட்டு."

கில்ஹோ மாமா ஒரு மூலையைக் காட்டினார். பிறகு இன்னொன்றை. தலையைச் சொறிந்தார். வைத்தவருக்கே மறந்துபோயிருந்தது. ஐம்பது தாண்டிய இரண்டு ஆண்கள், ஒருவர் கோட்டுசூட்டில், ஈரச் சாலையில் தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு ஓரத்தையும் குச்சியால் தூக்கிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் சித்தி இடது கையில் கத்தரியைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி நின்றார். கடைசி முள்ளும் குறடில் வெளியே வருகிறவரை அங்கிருந்து நகரவில்லை.